நட்சத்திரம் கோணலா, கண்ணாடி கோணலா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயற்பியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது. சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் துறையில் 6 அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சனியின் வளையத்தை முதன்முதலில் பார்த்தது அதில்தான். இப்போது அது இரும்பு அலமாரிக்குப் பின்னால் துணி போர்த்திக் கிடக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அதற்கு நேரே "கண்ணாடி பழுது" என்று எழுதியிருக்கிறது. அடுத்து அதைக் கண்டம் செய்துவிடலாம் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. காரணம் கேட்டால், "படம் எடுத்தா நட்சத்திரம் எல்லாம் கோணலா விழுது அண்ணாச்சி, வாலு முளைச்ச மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி பழுதல்ல என்று சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன். வெறுமனே சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும். துறைத்தலைவரின் அனுமதியோடு, கடந்த தை மாதத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரை வைத்துக்கொண்டு, செங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து இரவுகள் அதைச் சோதித்துப் பார்த்தோம். அதில் தெரிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி. அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. புள்ளி படத்தில் புள்ளியாகவே விழ வேண்டும். அது வேறு உருவத்தில் விழுந்தால், வழியில் யாரோ அதைத் தொந்தரவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் செய்தது என்பதை அந்த உருவமே சொல்லிவிடும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வாதமா பித்தமா என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

எங்கள் முதல் சோதனை மிகச் சாதாரணமானது. ஒரே நட்சத்திரத்தை ஒரு நொடியில் ஒரு படமும், ஒரு நிமிடத்தில் ஒரு படமும் எடுத்தோம். ஒரு நொடிப் படத்திலேயே கோணல் இருந்தால் குற்றம் ஆடியில், அல்லது அது உட்கார்ந்திருக்கும் விதத்தில். ஒரு நிமிடப் படத்தில் மட்டும் கோணல் இருந்தால் ஆடி பாவம், குற்றம் தாங்கு அமைப்பில். நம் தொலைநோக்கியில் இரண்டு படத்திலும் கோணல் இருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு கோணல். அதாவது நோயாளிக்கு ஒரு வியாதி இல்லை, பல வியாதிகள். ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதல் கோணல் வால். படத்தின் நட்ட நடுவில் இருக்கும் நட்சத்திரத்துக்கே ஒரு பக்கமாக வால் இருந்தது. நடுவில் வால் இருந்தால், முதன்மை ஆடியும் மேலே சாய்வாக இருக்கும் சிறு ஆடியும் ஒரே ஒளி அச்சில் இல்லை என்று பொருள். இதைச் சரிசெய்வதற்குத்தான் காலிமேஷன் என்று பெயர். பெயர் பெரிது, வேலை சின்னது. பழைய பிலிம் ரோல் டப்பாவின் அடியில் நடுவே ஒரு துளை போட்டு, கண்வில்லை இருக்கும் இடத்தில் செருகினோம். முதன்மை ஆடியின் மையத்தில், காகிதத்தைக் கோப்பில் போட ஒட்டுவோமே அந்தச் சிறு வளையம் ஒன்றை ஒட்டினோம். மையத்தில் விழும் ஒளியைச் சிறு ஆடியின் நிழல் எப்படியும் மறைத்துவிடும். ஆகவே வளையத்தால் படத்துக்குக் கெடுதல் இல்லை. முதலில் சிறு ஆடியைத் திருப்பி, முதன்மை ஆடி முழுவதும் அதில் தெரியும்படி வைத்தோம். பிறகு குழாயின் அடியில் உள்ள மூன்று திருகுகளை மெல்ல மெல்லத் திருப்பி, துளையின் பிம்பம் வளையத்துக்குள் வரும்படி செய்தோம். கால் மணி நேர வேலை. நடுவில் இருந்த வால் போய்விட்டது.

இரண்டாவது கோணல் முக்கோணம். வால் போன பிறகு பார்த்தால், பிரகாசமான நட்சத்திரங்கள் லேசாக மூன்று மூலையோடு தெரிந்தன. ஆடியை மூன்று கவ்விகள் பிடித்திருக்கின்றன. கீழே விழுந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் யாரோ அவற்றை இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள். நல்ல ஆடியின் பரப்பு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பரப்பைக் கவ்வியால் நெருக்கினால் அது வளையத்தான் செய்யும். கவ்விக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் நுழைய வேண்டும், அதுதான் அளவு. தளர்த்தினோம். முக்கோணம் உருண்டையாயிற்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கதிர்கள் சிலுவை போலத் தெரிவதையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அது குற்றமே அல்ல. சிறு ஆடியைத் தாங்கும் நான்கு மெல்லிய தகடுகளின் ஓரத்தில் ஒளி விளிம்பு வளைவு அடைவதால் வருவது. நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது. 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில்கூட ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்துக்கும் கதிர்கள் இருக்கின்றன. அதை யாரும் கண்டம் செய்யவில்லை!

மூன்றாவது கோணல் ஓர வால். நடு சரியாகிவிட்டது. ஆனால் படத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள நட்சத்திரங்களுக்கு வால், அதுவும் எல்லா வாலும் நடுவிலிருந்து வெளியே பார்த்து நிற்கிறது. இது பழுதல்ல, பரவளைவு ஆடியின் பிறவிக் குணம். பரவளைவு ஆடி அச்சுக்கு இணையாக வரும் ஒளியை மட்டுமே சுத்தமாகக் குவிக்கும். சாய்ந்து வரும் ஒளிக்கு கோமா என்ற பிறழ்ச்சி உண்டு. குவிய தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். நம்முடையது 750 மில்லிமீட்டருக்கு 150, அதாவது எஃப் 5. அந்த எண்ணின் கனத்தை 0.022 ஆல் பெருக்கினால், கோமா தொந்தரவு செய்யாத வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கிடைக்கும். நமக்கு அது 2.8 மில்லிமீட்டர். கேமராவின் உணரியோ மூலைக்கு மூலை 28 மில்லிமீட்டர். எப்படிப் போதும்? எஃப் 8 ஆடியாக இருந்தால் அந்த வட்டம் 11 மில்லிமீட்டராக விரிந்திருக்கும். கண்ணால் நடுவில் வைத்துச் சனியைப் பார்த்த காலத்தில் இது யாருக்கும் தெரியவில்லை. பெரிய உணரியுள்ள கேமராவை மாட்டிய பிறகுதான் வெளியே வந்தது. ஆடி கெடவில்லை, நாம் அதனிடம் கேட்பது கூடிவிட்டது. இதற்கு மருந்து, கேமராவுக்கு முன்னால் போடும் கோமா திருத்தி என்ற லென்ஸ் தொகுதி. அது இல்லாதவரை ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் பயன்படுத்தலாம்.

நான்காவது கோணல் நம் ஊர் கொடுக்கும் கோணல். ஒரு நிமிடப் படத்தில் எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீண்டு அரிசி போல் இருந்தது. பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. நம் தொலைநோக்கியில், இப்போதுள்ள கேமராவில், ஒரு நொடியிலேயே நட்சத்திரம் பதினான்கு படப்புள்ளி தூரம் ஓடிவிடும். அதைத் துரத்த மோட்டார் இருக்கிறது. ஆனால் மோட்டாரின் அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். புத்தகம் எல்லாம் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்து என்று சொல்லும். எழுதியவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள். செங்கோட்டையின் அட்சரேகை 9 பாகை. கையை நீட்டி முஷ்டி மடக்கினால், அடிவானத்துக்கு மேல் அந்த முஷ்டி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம். அங்கே மூட்டம், தெருவிளக்கு வெளிச்சம், தென்னந்தோப்பு எல்லாம் இருக்கும். பாதி நாள் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, சில தாங்கு அமைப்புகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியில் இடிக்கும்.

அதற்கும் வழி உண்டு. துருவ நட்சத்திரமே வேண்டாம். தெற்கே உச்சி ரேகையருகில், வான நடுக்கோட்டை ஒட்டி ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருங்கள். அது தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்திவிட்டுக் கிழக்கே ஒரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. பொறுமைதான் இதில் முதல். எங்கள் மாணவர்கள் முதல் இரவு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், ஐந்தாம் இரவு இருபத்தைந்து நிமிடம்.

ஐந்தாவது காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் வானமும் மூடியிருக்கும். அப்போது தொலைநோக்கியைத் தொடவே வேண்டாம். தையிலிருந்து பங்குனி வரை வானம் திறக்கிறது. அப்போதும் சில இரவு திடீரென்று காற்று எழும்பும். குழாய் ஒரு பாய்மரம்தானே. காற்றின் அடையாளம் என்னவென்றால், பத்துப் படத்தில் மூன்று கோணலாகவும் ஏழு நன்றாகவும் இருக்கும். மற்றக் குற்றங்கள் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வரும். மாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்தோம், முக்காலியைத் தாழ்த்தினோம், நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டோம். நீளமாக ஒரே படம் எடுக்காமல் முப்பது நொடிப் படங்களாக எடுத்து, கெட்டதைக் கழித்து, நல்லதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தோம்.

இந்த ஊருக்குக் குறை மட்டும்தானா என்றால் இல்லை. துருவம் தாழ்ந்ததால் தெற்கு உயர்கிறது. ஓரியன் நெபுலா நமக்கு ஏறத்தாழ உச்சந்தலையில் வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பார்க்க ஏங்கும் ஒமேகா சென்டாரி கொத்து நமக்கு 33 பாகை உயரத்தில் ஏறி வருகிறது. ஈட்டா கரீனாவும் வருகிறது. இந்த வானத்தை வைத்துக்கொண்டு தொலைநோக்கியைக் கண்டம் செய்யலாமா?

இனி, இன்று நான் பேச வந்ததில் முக்கியமான இடம். மூன்றாம் இரவு மாணவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு? கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு கிளிக் போட்டா எல்லா நட்சத்திரமும் உருண்டையாயிரும்." நியாயமான கேள்வி. உண்மையும்கூட. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மென்பொருள்கள் வாலை வெட்டும், அரிசியை முத்தாக்கும். நான் அவற்றுக்கு விரோதி அல்ல. சுவரில் மாட்டுகிற படத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் ஹப்பிள் கதையை யோசித்துப் பாருங்கள். 1990 ஏப்ரலில் விண்ணில் ஏற்றினார்கள். 2.4 மீட்டர் ஆடி. ஏறிய பிறகு பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி மங்கலான வட்டம். ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்ததுதான் காரணம். மூன்று வருஷம் கணிப்பொறியால் படங்களைத் திருத்தினார்கள், பலனும் இருந்தது. ஆனாலும் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களை அனுப்பித் திருத்தும் ஆடிகளைப் பொருத்தினார்கள். ஏன்? பரவிப்போன ஒளியைக் கணக்கால் முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. மங்கலான நட்சத்திரம் இரைச்சலோடு கலந்து போனால் போனதுதான். மென்பொருள் அந்த இடத்தில் ஊகித்து நிரப்பும். ஊகம் அழகாக இருக்கலாம், அளவீடு ஆகாது.

ஜேம்ஸ் வெப் இன்னொரு பாடம். 2022 பிப்ரவரியில் அதை முதலில் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கத் திருப்பியபோது, ஒரு நட்சத்திரம் பதினெட்டுப் புள்ளியாகத் தெரிந்தது. ஏனென்றால் அதன் ஆடி பதினெட்டுத் துண்டு. படத்தில் பதினேழை அழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு துண்டையும் சிறு மோட்டார்களால் அசைத்து, பதினெட்டையும் ஒன்றாக்கினார்கள். நம் மூன்று திருகு வேலையின் பெரிய அண்ணன் அது.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம். 1986 ஜனவரி 6 அன்று அங்கே 2.34 மீட்டர் பிரதிபலிப்புத் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. வைணு பாப்புவின் பெயர் அதற்கு. அதன் ஆடியை வெளிநாட்டில் மெருகேற்றவில்லை. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பெங்களூர்ப் பட்டறையிலேயே நம்மவர்கள் தேய்த்தார்கள். அதே காவலூரில் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று உண்டு. பெர்னார்டு ஷ்மிட் 1930இல் கண்ட அமைப்பு அது. கோள வடிவ ஆடிக்கு முன்னால் மெல்லிய திருத்தத் தகடு வைத்து, ஓரம் வரை நட்சத்திரம் புள்ளியாக விழும்படி செய்வது. அந்தத் தொலைநோக்கியால் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 4130. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

சிறுகோள் நட்சத்திரங்களுக்கிடையே நகரும். நீண்ட நேரப் படத்தில் அது புள்ளியாக விழாமல் சிறு கோடாக விழும். யோசித்துப் பாருங்கள். மற்ற எல்லாம் உருண்டையாக இருந்தால்தான் அந்த ஒரு கோடு கண்ணில் படும். தாங்கு அமைப்பு சரியில்லாமல் எல்லாமே கோடாக இருந்தால், எது கோள், எது நட்சத்திரம்? அதுகூடப் போகட்டும். எல்லாக் கோட்டையும் உருண்டையாக்கும் மென்பொருளைப் போட்டால், அந்தக் கோளையும் சேர்த்து உருண்டையாக்கிவிடும். புதிதாக ஒன்று நம் கைக்கு வந்து, நாமே அதைத் துடைத்துப் போட்டவர்கள் ஆவோம். கோணல் எல்லாம் குற்றமல்ல. சில கோணல் செய்தி. எது குற்றம், எது செய்தி என்று தெரிய வேண்டுமானால், நம் பக்கத்துக் குற்றத்தை முதலில் திருகிலும் கவ்வியிலும் களைந்திருக்க வேண்டும். அந்த மாணவரிடம் நான் சொன்னதும் இதைத்தான். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்போ மூலப் படத்தைத் தனியா வச்சுக்கிட்டு, திருத்துனத வேற பேர்ல சேத்து வைப்போம் அண்ணாச்சி" என்றார். அதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது.

ஐந்து இரவின் முடிவு இது. வால், முக்கோணம், அரிசி மூன்றும் போயின. செலவு, ஒரு மணல் பையும் கொஞ்சம் காகிதமும். மிச்சம் இருப்பவை இரண்டு. ஓர வாலுக்குக் கோமா திருத்தி வாங்க வேண்டும். இத்தனை வருஷச் சாரல் ஈரத்தில் ஆடியின் அலுமினியப் பூச்சு மங்கியிருக்கிறது. புதுப் பூச்சு போட வேண்டும். பூச்சுதான் மங்கல், கீழே உள்ள கண்ணாடியின் வடிவம் நன்றாகவே இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். முதலாவதாக, கல்லூரி நிர்வாகம் அந்தப் பட்டியலிலிருந்து தொலைநோக்கியின் பெயரை அடிக்க வேண்டும். பதிவேட்டில் "கண்ணாடி பழுது" என்பதை "பூச்சு மங்கல்" என்று திருத்தினால் போதும். இரண்டாவதாக, பூச்சுக்கும் திருத்திக்கும் ஆகும் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும். என் பங்கை இன்றே பொருளாளரிடம் தந்துவிடுகிறேன். மூன்றாவது மாணவர்களுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு இரவும் தேதி, காற்று, என்ன கோணல், எதைத் திருகினோம் என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் வருகிறவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம் பாருங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மாலையில் துறை வராந்தாவில் தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைத்திருப்போம். பிலிம் டப்பாவும் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து அந்த மூன்று திருகைத் திருப்பிப் பார்க்கலாம்.